ஒளிவதற்கா, உதவுவதற்கா?

மனிதன் தன் உடையை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம், சமயத்துக்குத் தகுந்தபடி பேச்சையும் மாற்றிக்கொள்ளலாம். தோலை மாற்றிக்கொள்ள அவனால் முடியாது. ஆனால், நினைத்த மாத்திரத்தில் தோலின் நிறத்தை மட்டுமின்றி அதன் உருவத்தையும் மாற்றிக்கொள்ளும் பிராணிகள் கடலில் இருக்கின்றன. அவற்றினிடம் பாடம் கற்று, தட்டையாயிருந்து மேடுபள்ளமாக எழும்பி மறுபடியும் தட்டையாகும் ஒரு செயற்கைத் தோலைச் செய்திருப்பதாக, அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் பிகுல், ராபர்ட் ஷெப்பர்ட் முதலிய விஞ்ஞானிகள் 2017-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் தெரிவித்தார்கள். உட்ஸ் ஹோல் என்னுமிடத்திலுள்ள கடல் ஜீவராசி ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ரோஜர் ஹான்லன் இம்முயற்சியில் அவர்களுடன் கலந்து உழைத்தார். இதை ஒரு விந்தைச் செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவது எளிது. அப்படிச் செய்தல் தகாது என்பது நமது அபிப்பிராயம். இத்தகைய தோல் யாருடைய பணத்தில் உருவாகிறது, யாருக்குப் பயன்படப் போகிறது என்ற கேள்வி, விஞ்ஞானிகளுக்கு மாத்திரம் உரியதன்று. வரி கொடுக்கும் ஜனங்கள் எல்லோருக்கும் உரியதாகும்.

முதலில் அந்தப் பிராணியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நமது கடற்கரையோர மக்கள் பேய்க்கணவாய் என்றும், ஆங்கிலேயர் ஆக்டோபஸ் என்றும் கூறுகிற பிராணிக்கு எட்டுக் கைகளும் மூன்று இருதயங்களும் உண்டு. எலும்பு என்பது கிடையாது. அதன் உறவினரான கணவாயின் முதுகிலிருக்கும் வெண்ணிற ஓட்டைத்தான் நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று விற்கிறார்கள். சங்குக்கும் சிப்பிக்கும் இவை தூரத்துப் பந்துக்கள். சங்கு தன் கெட்டியான ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. பேய்க்கணவாயோ அந்தக் கவசத்தை யுகாந்தரங்களுக்கு முன்பே இழந்துவிட்டது. மிருதுவான அதன் மாமிசத்தை விரும்பாத பெரிய மீன் இல்லை. கவசமற்ற உடலைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அதற்கு மிஞ்சியிருக்கும் சாதனங்களில் முக்கியமானது அதன் தோலேயாகும்.

அந்தத் தோலுக்குள் மை நிரம்பிய நுண்ணிய பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு பையையும் சுற்றிலும் தசைகள் பற்றியிருக்கின்றன. தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தோன்றும். தளர்ந்தால் சுருங்கி நிறம் மறையும். ஒரு விநாடிக்குள் உடல் முழுவதும் வேறு வர்ணமாகிவிடும். கணவாய் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வை இல்லை என்று சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது இந்த வித்தை இன்னும் ஆச்சரியமாகிறது. பேய்க்கணவாய் இடத்துக்குத் தக்கவாறு நிறம் மாறுவதை, இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். கடற்பாசி படர்ந்த ஒரு கல்லை நோக்கி ஹான்லன் கரீபியன் கடலில் நீந்திச் சென்றபோது, பாசியின் ஒரு பகுதி திடீரென்று வெளுத்துப் பேய்க்கணவாயாகி ஓடியது. அவர் எடுத்த அந்தச் சலனப்படத்தை உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் கண்டிருக்கிறார்கள்.

நிறம் மாறினால் மட்டும் போதாது. வழவழப்பான ஒரு பொருள் எவ்வளவுதான் பச்சையாக இருந்தாலும், கரடுமுரடான பாசியின் நடுவில் அது தனியே தெரிந்துவிடும். ஆகையால் இப்பிராணிகளின் தோலில் சிறிய மொட்டுக்கள் போன்ற உறுப்புக்கள் அமைந்திருக்கின்றன. வேண்டும்போது இவை கூம்பாகவும், இலைபோலவும், கிளைத்த கொம்பு போலவும் எழும்பும். வேண்டாதபோது அடங்கிச் சமமாகிவிடும். எலும்பில்லாமல் இது எப்படி நிகழ்கிறது என்று கேட்கலாம். நமது வாயிலுள்ள நாக்கிற்கும் எலும்பில்லை. ஆயினும் அதை நீட்டுகிறோம், மடக்குகிறோம், குவிக்கிறோம். வட்டமாக ஓடும் தசைகள் இறுகும்போது நடுவிலுள்ள சதை வேறு வழியின்றி மேலே பிதுங்குகிறது. அந்த நாக்கின் தத்துவமே இந்த மொட்டுக்களின் தத்துவமும்.

கார்னெல் விஞ்ஞானிகள் செய்தது இந்தத் தத்துவத்தை ரப்பரில் அமைத்ததுதான். நீண்டு கொடுக்காத நூல்வலையை வெளிச்சக் கதிரால் வளையம் வளையமாக வெட்டி, இழுத்தால் நீளக்கூடிய ஸிலிகோன் ரப்பருக்குள் பதித்தார்கள். தோலின் அடியில் காற்றைச் செலுத்தினால் ரப்பர் பலூனைப்போல் உப்ப முயலும். நூல் இருக்குமிடத்தில் அது தடைப்படும். நூல் இல்லாத இடத்தில் விரியும். எந்த வளையத்தை எங்கே வைக்கவேண்டும், எவ்வளவு அகலமாக வைக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டால், உப்பும்போது என்ன உருவம் வரவேண்டுமோ அதுவே வரும். இப்படி ஆற்றுக் கற்கள் கிடக்கும் தரையைப் போலவும், தடித்த இலைகள் சுழல் சுழலாக அமைந்த ஒரு செடியைப் போலவும் அவர்கள் தோலை எழுப்பிக் காட்டினார்கள். காற்றை விட்டுவிட்டால் அது மறுபடியும் சாதாரண ரப்பர்த் தகடு. செய்முறை எளிது, கணக்கு நுட்பமானது, விளைவு அழகானது. பாராட்டவேண்டிய இடத்தில் பாராட்ட நாம் தயங்கவில்லை.

ஆனால், கடல் கற்பித்த பாடத்தில் இது முதல் எழுத்துத்தான். செயற்கைத் தோலுக்குக் காற்றுக் குழாய் வேண்டும். குழாய்க்கு யந்திரம் வேண்டும். எந்த உருவத்துக்காகச் செய்யப்பட்டதோ அந்த உருவத்தை மட்டுமே அது எடுக்கும். கல்லாகச் செய்த தோல் செடியாகாது. பேய்க்கணவாயோ கண்ணால் பார்த்து, எங்கே எந்த வேஷம் பொருந்தும் என்று தானே தீர்மானிக்கிறது. இன்னும் ஒரு விஷயம் உண்டு. இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையும் உட்ஸ் ஹோல் ஆராய்ச்சிசாலையும் சேர்ந்து 2018-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கணவாய் தன் தோல் மொட்டுக்களை ஒருமுறை எழுப்பிவிட்டால், நரம்பிலிருந்து மேற்கொண்டு கட்டளை வராமலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வைக்க முடிகிறது. சிப்பி தன் இரண்டு ஓடுகளையும் களைப்பின்றி இறுக மூடி வைத்திருக்கிறதல்லவா? அதே விதமான ஏற்பாடு. மனிதன் செய்த தோலுக்கு இந்தச் சிக்கனம் இன்னும் கைவரவில்லை.

இது குழந்தைப் பருவத்திலிருக்கும் வித்தை என்பதனாலேயே இப்பொழுது இதைப்பற்றிப் பேசுகிறோம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நமது முன்னோர் வாக்கு. ஒரு கண்டுபிடிப்பு எந்தப் பக்கம் வளரவேண்டும் என்பதை அது இளமையாயிருக்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். தொழிற்சாலைகளும் ஒப்பந்தங்களும் முளைத்துவிட்ட பிறகு தர்மோபதேசம் செய்வதில் பயன் இல்லை.

கார்னெல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி இலாகா. இதில் ரகசியம் ஏதுமில்லை. ஆராய்ச்சியாளர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 2014-ல், சுற்றுப்புறத்துக்கேற்பத் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் தகடு ஒன்று வேறொரு குழுவினரால் செய்யப்பட்டது. அதிலும் ஹான்லன் பங்கு கொண்டிருந்தார். அதற்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி இலாகா. சிப்பாயும், அவனுடைய வண்டியும், வேவு பார்க்கும் யந்திரமும் பகைவன் கண்ணில் படாமல் மறைந்திருக்க வேண்டும் என்பது ராணுவத்தாரின் நோக்கம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ராணுவம் ராணுவத்தின் வேலையைத்தானே கவனிக்கும்?

மறைவதற்குப் பிராணிகளைக் குருவாகக் கொள்வது புதிய வழக்கமும் அன்று. அமெரிக்கச் சித்திரக்காரர் அபட் தேயர், பிராணிகள் தம் நிறத்தால் மறைந்து வாழும் விதத்தைப் பற்றிய பெரிய புத்தகத்தை 1909-ல் வெளிவரச் செய்தார். முதல் உலக யுத்தத்தின்போது, 1915-ல், பிரெஞ்சு ராணுவம் சித்திரக்காரர்களைச் சேர்த்து மறைப்பு வேலைக்கென்றே ஒரு தனிப் பிரிவை ஏற்படுத்தியது. பீரங்கிகளுக்கு இலை வர்ணம் பூசுவதும், பொய் மரங்களை நட்டு அவற்றுக்குள் காவலாளியை நிறுத்துவதும் அவர்கள் வேலை. பிராணிகளின் நிறங்களைப் பற்றி 1940-ல் சிறந்த நூலை எழுதிய ஹியூ காட் என்ற ஆங்கிலப் பிராணி சாஸ்திரி, இரண்டாவது யுத்தத்தில் இதே வேலைக்கு அழைக்கப்பட்டார். அன்று வர்ணம் பூசினார்கள். இன்று தோலையே எழுப்பப் பார்க்கிறார்கள். கருத்து ஒன்றே.

பிராணி ஒளிவதில் பாபம் ஏது என்று கேட்போர் உளர். உண்மையில் பேய்க்கணவாய் தன் உயிரைக் காக்க மாத்திரம் ஒளியவில்லை. நண்டைப் பிடிக்கவும் ஒளிந்திருக்கிறது. ஆனால், பசித்த வயிறு நிரம்பினால் அது தன் பொந்துக்குத் திரும்பிவிடும். அதன் வேஷத்துக்கு ஓர் அளவு உண்டு. மனிதனுடைய வேஷத்துக்கோ அளவு கிடையாது. பசுத்தோல் போர்த்த புலி என்று நமது மக்கள் ஏன் சொல்லி வைத்தார்கள்? புலியினிடம் உள்ளதைவிட, அடையாளம் தெரியாத புலியினிடம் பயம் அதிகம். எதிரில் நிற்பது கல்லா, கருவியா என்று தெரியாத ஒரு நிலைமை யுத்த களத்தோடு நின்றுவிடும் என்று யார் உறுதி கூற முடியும்? சிப்பாயை மறைக்கும் தோல், குடிஜனங்களை வேவு பார்க்கும் கண்ணையும் மறைக்கும். மறைவு என்பது இரண்டு பக்கமும் கூருள்ள கத்தி என்பதை மறத்தல் ஆகாது.

இந்த இடத்தில் வாசகர்களை வேறொரு கடற்பிராணியிடம் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அது அழகில்லாதது, கண்ணும் இல்லை, காலும் இல்லை, மணலில் கிடந்து மண்ணைத் தின்று மண்ணைக் கழித்து வாழ்வது. மன்னார் வளைகுடாவிலும் பாக் ஜலசந்தியிலும் வாழும் நமது மீனவர்கள் அதை நன்கு அறிவார்கள். அதன் பெயர் கடல் அட்டை. கடல் அட்டைக்கும் ஓர் அபூர்வமான தோல் இருக்கிறது. பேய்க்கணவாயின் தோல் உருவத்தை மாற்றுகிறதென்றால், இதன் தோல் கெட்டித்தன்மையையே மாற்றுகிறது. பாறை இடுக்கில் நுழையவேண்டுமானால் குழைந்து கூழ்போல் ஆகிறது; நுழைந்த பின், அல்லது யாராவது தீண்டினால், விறைத்துக்கொள்கிறது. தோலினுள் நுண்ணிய நார்கள் மிருதுவான பசையில் மிதக்கின்றன. சில ரசாயனப் பொருள்களைத் தோல் சுரக்கும்போது நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. பிடி விட்டால் தளர்கின்றன. தனித்தனி நாராயிருந்தால் வளையும், சேர்ந்தால் வளையாது என்ற விறகுக்கட்டின் பாடத்தை இப்பிராணி தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது.

இந்தத் தோலைப் பார்த்து, 2008-ம் வருஷத்தில், அமெரிக்காவில் கிளீவ்லாண்டு நகரத்திலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிஸர்வ் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் ஒரு புதிய பொருளைச் செய்து அதே ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஜெப்ரி கபடோனா, கதிரவன் சண்முகநாதன், ஸ்டூவர்ட் ரோவன், கிறிஸ்டோப் வேடர் முதலியோர் அக்கட்டுரையின் ஆசிரியர்கள். அவர்களில் கதிரவன் சண்முகநாதன் பிற்காலத்தில் புனேயிலுள்ள தேசிய ரசாயன ஆராய்ச்சிசாலையில் விஞ்ஞானியாகப் பணியேற்றார். ரப்பர் போன்ற பொருளுக்குள் செல்லுலோஸ் என்ற தாவரச் சத்தின் நுண்ணிய இழைகளை இவர்கள் கலந்தார்கள். அந்த இழைகளையும் பாறையில் ஒட்டி வாழும் பை போன்ற மற்றொரு கடற்பிராணியிடமிருந்தே எடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. உலர்ந்திருக்கும்போது இழைகள் ஒன்றையொன்று பற்றி வலைபோல் நிற்கின்றன; பொருள் விறைப்பாயிருக்கிறது. நீர் உள்ளே புகுந்தால் அப்பிடி விட்டுப்போகிறது, பொருள் இளகிவிடுகிறது. முதலில் செய்த பொருளின் விறைப்பு நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. அடுத்துச் செய்த பொருளோ, மனித உடம்பின் உள்ளே இருப்பதைப் போன்ற சூட்டிலும் ஈரத்திலும், 4200 மெகாபாஸ்கல் என்ற அளவிலிருந்து 1.6 மெகாபாஸ்கலுக்கு இறங்கியது. கெட்டித் தகடு மெல்லிய ரப்பராகிவிட்டது என்று சொல்லலாம்.

இது எதற்காக? மூளையிலோ தண்டுவடத்திலோ அடிபட்டுக் கைகால் அசைக்க முடியாமல் படுத்துவிட்டவர்கள் உலகில் அநேகர். அவர்களுடைய மூளையில் எண்ணம் எழுகிறது. கைக்குக் கட்டளையும் பிறக்கிறது. ஆனால் வழியில் பாலம் உடைந்திருக்கிறது. மூளையில் மெல்லிய ஊசி போன்ற மின்சாரக் கம்பியைப் பதித்து, அந்தக் கட்டளையைக் கேட்டு யந்திரக் கைக்கு அனுப்பலாம் என்று வைத்தியர்கள் முயன்று வருகிறார்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மூளை வெண்ணெய் போல் மிருதுவானது. கம்பி மிருதுவாயிருந்தால் உள்ளே நுழையாது; விறைப்பாயிருந்தால் நுழைந்த பின் உறுத்திக்கொண்டேயிருக்கும். உறுத்தும் முள்ளைச் சுற்றி உடம்பு தழும்பு கட்டுவது போல், மூளையும் கம்பியைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. நாளடைவில் சமிக்ஞை மங்கிப் போகிறது. நுழையும்போது விறைப்பாகவும், நுழைந்த பின் இளகியும் இருக்கும் ஒரு பொருள் கிடைத்தால்? கடல் அட்டை பாறை இடுக்கில் செய்வது அதைத்தானே! இவ்விதம் இளகும் கம்பிகளை எலிகளின் மூளையில் வைத்துப் பார்த்ததில், விறைத்த கம்பிகளால் உண்டாவதைவிட அழற்சி குறைவாயிருந்ததை 2014-ல் கபடோனாவும் அவருடைய சகாக்களும் கண்டார்கள்.

இவ்விரண்டு கண்டுபிடிப்புக்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே தேசத்தில் நிகழ்ந்தவை. இரண்டும் கடற்பிராணிகளின் தோலிலிருந்து பிறந்தவை. ஒன்று ராணுவத்தின் ஆராய்ச்சிப் பணத்தில் வளர்ந்தது. மற்றொன்றில் முன்னின்று உழைத்த கபடோனா, கிளீவ்லாண்டில் பழைய போர் வீரர்களுக்காக ஏற்பட்ட வைத்தியசாலையையும் சேர்ந்தவர். யுத்தத்துக்குப் போகிறவனை மறைப்பதற்கு ஒரு தோல். யுத்தத்திலிருந்து ஊனமுற்றுத் திரும்பியவனுக்குக் கையைக் கொடுப்பதற்கு ஒரு தோல். கடல் எந்தப் பாரபட்சமும் இல்லாமல் இரண்டு வித்தைகளையும் கற்றுக் கொடுத்துவிட்டது. எந்த வித்தையை வளர்ப்பது என்ற பொறுப்பு மனிதனைச் சேர்ந்தது. பணப்பையைக் கையில் வைத்திருப்பவர்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறார்களோ அந்தக் கேள்விக்குத்தான் விஞ்ஞானம் பதில் தேடும். “எப்படி ஒளிவது?” என்று கேட்டால் ஒளிவதற்கு வழி சொல்லும், “எப்படிக் குணப்படுத்துவது?” என்று கேட்டால் குணப்படுத்த வழி சொல்லும்.

ராணுவப் பணத்தால் நன்மையும் விளைகிறதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அதில் உண்மை உண்டு. இரண்டாவது உலக யுத்தம் இராவிட்டால் பெனிஸிலின் மருந்து அவ்வளவு சீக்கிரத்தில் ஏராளமாகத் தயாராகியிராது. கார்னெல் தோலைப் பற்றிய கட்டுரையும் பெட்டிக்குள் பூட்டப்படவில்லை. உலகம் படிக்கும் பத்திரிகையில் வந்தது. அந்தத் தோலைத் தட்டையாயிருக்கும்போது வெளிச்சத்தைத் திருப்பியனுப்பவும், எழும்பும்போது உட்கொள்ளவும் செய்து, ஒரு பொருளின் சூட்டை நம் இஷ்டப்படி அடக்கலாம் என்று பிகுலே கூறியிருக்கிறார். வெயிலில் வாடும் தேசங்களுக்கு அத்தகைய தோல் எவ்வளவு உபயோகமாயிருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

எனினும், பந்தியில் மிஞ்சியதை வாசலில் நிற்பவனுக்குக் கொடுப்பதற்கும், அவனுக்கென்றே இலை போட்டுப் பரிமாறுவதற்கும் பேதம் உண்டல்லவா? ராணுவத்துக்கு வேண்டிய குணங்களும் நோயாளிக்கு வேண்டிய குணங்களும் ஒன்றல்ல. ராணுவம் கேட்பது விரைவும் மறைவும். நோயாளி கேட்பது உறுத்தாமையும், பல வருஷங்கள் கெடாமையும், ஏழை வாங்கக்கூடிய விலையும். முதல் வகைக்காகச் செய்யப்பட்டது தானாகவே இரண்டாவது வகைக்கு வந்து சேரும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது விவேகம் ஆகாது. மேலும், இன்று பத்திரிகையில் வெளியிட அனுமதிக்கும் கை, வித்தை முதிர்ந்து பயன்தரும் பருவத்தில் வாயைப் பொத்தினாலும் பொத்தும். பணம் கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டென்று அப்போது சொல்லப்படும்.

ஆகவே, எந்தத் தேசத்துச் சர்க்காராயிருந்தாலும் மூன்று காரியங்களைச் செய்யவேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். முதலாவது, கடற்பிராணிகளிடமிருந்து கற்கும் இந்தப் புதிய சாஸ்திரத்துக்கு, வைத்தியத்துக்கென்றும் ஜனங்களின் சௌகரியத்துக்கென்றும் தனியே பணம் ஒதுக்கவேண்டும். அது ராணுவத்தின் தயவை எதிர்பார்ப்பதாக இருத்தல் கூடாது. இரண்டாவது, பொது ஜனங்களின் பணத்தால் விளைந்த ஆராய்ச்சி பொது ஜனங்களுக்குத் திறந்திருக்கவேண்டும். மூன்றாவது, உருமாறும் தோல்களும் மறையும் யந்திரங்களும் குடிஜனங்களை வேவு பார்ப்பதற்கு உபயோகிக்கப்படாமல் தடுக்கும் சட்டங்களை, அவை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஏற்படுத்தவேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடுவது புத்திசாலித்தனம். வந்தபின் புலம்புவது நமக்குப் பழகிப்போன காரியம்.

இதைப் படிக்கும் ஒருவர், “ஜனங்களுக்குச் சோறு, துணி, மருந்து இவற்றுக்கே பணம் போதாதபோது கடல் அட்டையின் தோலை ஆராயப் பணம் கொடுப்பதா?” என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால், யோசித்துப் பார்க்கட்டும். மணலில் கிடக்கும் இப்பிராணியின் தோல் ஏன் விறைக்கிறது என்று முதலில் ஆராய்ந்தவர்கள் மூளை நோயாளிகளை நினைத்து ஆராயவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்ற ஆவலால் ஆராய்ந்தார்கள். அவர்களைப் பார்த்து வேலையற்றவர்கள் என்று உலகம் சிரித்திருக்கும். அந்த ஆவல் இல்லாவிட்டால் கிளீவ்லாண்டு விஞ்ஞானிகளுக்குப் பின்பற்ற ஒரு மாதிரி கிடைத்திராது. விதையைப் பார்த்து விளைச்சலைச் சொல்ல எல்லோராலும் முடியாது. ஆனால், விதை நெல்லைக் குத்தித் தின்றுவிட்டால் விளைச்சல் இராது என்பதை ஒவ்வொரு குடியானவனும் அறிவான்.

அறிவைக் கொடுத்த பிராணிகளுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதையும் இங்கே கேட்கவேண்டியிருக்கிறது. நமது கடலில் கடல் அட்டைகளை மூழ்கி எடுத்து, உலர்த்திச் சீன தேசத்துக்கு அனுப்பும் வியாபாரம் வெகுகாலமாக நடந்து வந்தது. மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-ல் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. 2001-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் கடல் அட்டைகளை வன ஜீவராசிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து, அவற்றைப் பிடிப்பதையே தடுத்துவிட்டார்கள். பிராணி அழிந்துபோகாமல் காப்பது அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், அதை நம்பி மூச்சைப் பிடித்து மூழ்கி வந்த ஏழை மீனவர்களின் பிழைப்பும் அதே சட்டத்தால் மூழ்கிற்று என்பதை மறைக்கலாகாது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 1988-லேயே தூத்துக்குடியில் கடல் அட்டைக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து காட்டியிருக்கிறார்கள். கடலில் உள்ளதைக் காக்கவும், வளர்ப்பதற்கு வழி தேடவும், அதன் தோலின் ரகசியத்தை ஆராயவும், மீனவனுக்கு அதில் பங்கு கிடைக்கவும் ஒரே ஏற்பாடாகச் செய்வது அசாத்தியமான காரியம் அன்று. தடை உத்தரவு பாதுகாப்பில் பாதி. ஆராய்ச்சியும் பிழைப்பும் மற்றப் பாதி.

கடல் சூடேறி, பவளப் பாறைகள் வெளுத்து வருகிற காலம் இது. எத்தனையோ பிராணிகள், அவற்றின் வித்தை என்னவென்று ஒருவரும் கேட்பதற்கு முன்பே மறைந்துபோகலாம். புத்தகத்தைப் படிக்குமுன் எரித்துவிடுகிறவனை என்னவென்று சொல்வது? பேய்க்கணவாயும் கடல் அட்டையும் நமக்குக் கடன்பட்டவை அல்ல. நாம் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறோம். அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு முதல் வழி அவை வாழும் நீரைக் கெடுக்காமலிருப்பது. இரண்டாவது வழி, அவற்றினிடம் கற்ற வித்தையைக் கொண்டு துன்பத்தைக் குறைப்பது.

கவசத்தை இழந்த ஒரு பிராணி, தன் மெல்லிய தோலை நம்பி யுகயுகமாக உயிர் வாழ்ந்து வருகிறது. அழகில்லாத மற்றொரு பிராணி, இறுகவும் இளகவும் தெரிந்திருப்பதால் பாறை இடுக்கில் நிம்மதியாக வாழ்கிறது. இவற்றைப் பார்த்துத் தோல் செய்யக் கற்றுக்கொண்ட மனிதன், அதை முதலில் யார் மேல் போர்த்தப் போகிறான்? துப்பாக்கி ஏந்தியவன் மேலா, படுக்கையில் கிடப்பவன் மேலா? விஞ்ஞானிகள் தோலைத்தான் செய்து கொடுக்க முடியும். அதை யாருக்குப் போர்த்துவது என்பதை ஜனங்கள் சொல்லவேண்டும். சொல்லாமல் வாளாவிருந்தால், நமக்காக வேறு யாரேனும் அதைத் தீர்மானித்துவிடுவார்கள். தீர்மானித்தவர்கள் யாரென்பதும் நமது கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும்.